நான் புகழ்ந்து வாங்கிய பலகை

ஊர் கூடும் எங்கள் சபை வீட்டுக்கு நூறு வயது ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். குடும்பத்துக்கு ஓர் ஆளைப் பற்றி எழுதவேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் என் தம்பி ஹாமியோராவைப் பற்றி எழுதவேண்டும் என்று குழு முடிவு செய்துவிட்டு, எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தது. "என்னைப் பத்தி யாரம்மா எழுதறா?" என்று செயலாளர் பெண்ணிடம் கேட்டேன். அவள் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஒருத்தர்தான் மாமா," என்றாள். அறுபத்து மூன்று வயதில் இதற்காகச் சண்டை போடுவது அழகில்லை என்பதால் சரி என்றேன். ஆனால் என் கையில் பேனாவைக் கொடுத்தால் என் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் வரும். வேண்டாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

என் பெயர் கரௌரியா. எனக்கும் ஹாமியோராவுக்கும் பதினோரு மாதம்தான் வித்தியாசம். அந்தப் பதினோரு மாதத்தை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் மூத்தவன் பேசுவான், இளையவன் வேலை செய்வான். விருந்தாளிகள் வந்தால் முற்றத்தில் கோலை ஊன்றி எழுந்து நின்று எங்கள் சார்பில் பேசுவது நான். பின்கட்டில் மண்ணடுப்புத் தோண்டி, கல்லைக் காயவைத்து, பன்றியையும் சர்க்கரைவள்ளியையும் புதைத்து மூடுவது அவன். இதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினெட்டு வயதில் நான் ரொட்டொருவாவில் இருக்கும் செதுக்குப் பள்ளிக்குப் போய் மூன்று வருடம் மரச் செதுக்கு வேலை கற்றுக்கொண்டு வந்தேன். இந்தக் கடலோரத்தில் இரண்டு சபை வீடுகளின் தூண்களில் இருப்பது என் கை. ஹாமியோரா எங்கும் போகவில்லை. சாலைத் துறையில் மண்வாரி இயந்திரம் ஓட்டினான். எங்கள் சாலை மழைக்கு மழை சரியும். அவன் அள்ளிப்போடுவான், அது மறுபடி சரியும். நாற்பது வருடமாக அவனும் மலையும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அவன் தன் முதல் ஆட்டப் பலகையைச் செய்ததும் ஒரு சரிவில்தான். ஒரு குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் மண் விழுந்து அடைத்துக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்டது இவனுடைய மண்வாரியும் ஒரு கம்பளி லாரியும். இரண்டு நாள் விடாத மழை. பொழுது போகாமல் ஹாமியோரா கருவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஆணியால் எட்டுக் கை நட்சத்திரம் ஒன்றைக் கீறினான். ஓடையில் கறுப்பில் நாலு கல், வெளுப்பில் நாலு கல் பொறுக்கினான். மூ தோரெரே என்ற எங்கள் பழைய ஆட்டத்தை ஆட அவ்வளவு போதும். எட்டுக் கையில் எட்டுக் காய், நடுவில் ஓர் இடம் காலி. காலியாக இருக்கும் இடத்துக்குத்தான் நகரலாம். உன் காய்க்குப் பக்கத்தில் எதிரியின் காய் இருந்தால்தான் நடுவுக்குப் போகலாம். வெட்டுவது, சாய்ப்பது எல்லாம் கிடையாது. நகர வழியில்லாமல் நிற்பவன் தோற்றான். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

மழை விட்டு, சாலை திறந்தபோது லாரிக்காரர், "பலகை ரொம்ப நல்லா இருக்குப்பா," என்றார். ஹாமியோரா உடனே அதை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஒருவருடைய பொருளை நீங்கள் வாய்விட்டுப் புகழ்ந்தால் அதை அவர் உங்களுக்குக் கொடுத்துவிடவேண்டும். இப்போது பாதிப்பேர் இதை விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்கு வந்து என் உளிப்பெட்டியைப் புகழ்ந்தால் நன்றி என்று சொல்லி மூடி வைத்துவிடுவேன். ஹாமியோரா விடவில்லை. நாற்பது வருடத்தில் அவன் ஒரு பலகையையும் விற்றதில்லை. புகழ்ந்தவன் எடுத்துக்கொண்டு போவான். சமீபகாலம்வரை இந்தக் கடலோரத்தில் அவன் பலகை இல்லாத வீடு ஒன்றுதான். அது என் வீடு.

ஏனென்றால் அதுவரை நான் புகழ்ந்ததே இல்லை. புகழ்ந்தால் பாவம் கொடுக்கவேண்டியிருக்குமே என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். புதுப் பலகை முடிந்ததும் அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கு," என்பேன். அவனும் தலையாட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுவான். அவனுக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தால் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? மூன்று வருடம் படித்தவன் நான்.

ஆரம்பத்தில் அவன் வெட்டிய குழிகள் ஒரே கோணல். நான் நிம்மதியாக இருந்த காலம் அது. பிறகு வருடத்துக்கு வருடம் கை படிந்துவிட்டது. அவன் அளவு நாடா வைத்துக்கொள்வதில்லை. வட்டப் பலகையின் விளிம்பைச் சுற்றி ஆளிச்செடி நார் ஒன்றைக் கட்டி அளவெடுப்பான். அதை எடுத்து மூன்று முறை இரண்டாக மடிப்பான். பிரித்தால் மடிப்புத் தழும்பு எட்டுப் பாகம் காட்டும். விளிம்பில் மறுபடி சுற்றி, தழும்பு இருக்கும் இடத்திலெல்லாம் கரியால் புள்ளி வைப்பான். பிறகு குழி உளியால் ஒன்பது சின்னப் பள்ளம், காய் உட்கார. ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்துப் பார்ப்பான். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தையும் மேல்பக்கம் மாதிரியே இழைப்பான். கடைசியில் வலது கைக்கும் இடது கைக்கும் ஓர் ஆட்டம் வைத்து, எந்தக் கை தோற்றது என்று வந்து சொல்வான்.

செதுக்கும் மரத்துக்குக் காட்டவேண்டிய மரியாதை வழக்கத்திலும் குறை சொல்ல இடம் கொடுக்கமாட்டான். செதுக்கிய தூளை வாயால் ஊதமாட்டான், தூரிகையால் தள்ளுவான். சீவலைச் சமையல் அடுப்பில் போடமாட்டான், கொண்டுபோய் மரத்தடியில் கொட்டுவான். பட்டறைக்குள் ஒரு ரொட்டித் துண்டு வராது. இதெல்லாம் செதுக்குப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான்தான் எப்போதோ பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லித் தொலைத்தேன்.

எனக்கு எங்கே வலித்தது என்று சொல்கிறேன். இரண்டாவது சபை வீட்டின் முகப்புத் தூண்களுக்கு நான் பதினான்கு மாதம் உழைத்தேன். திறப்பு விழா அன்று நானூறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் தூணுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "ஆகா" என்றார்கள். ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் எல்லோரும் முகப்பில் கும்பலாகக் குந்திக்கொண்டார்கள். ஹாமியோரா ஏழு பலகைகளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தான். மாலைவரை அங்கே கத்தலும் சிரிப்பும்தான். ஒருவர் என் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆடினார். ரொட்டொருவாவில் என்னோடு படித்தவர், பெரிய பெயர் எடுத்தவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். "இந்தப் பலகையெல்லாம் யார் செஞ்சது?" என்று கேட்டார்.

அன்று என் மனைவி மாக்கெரெ என் பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது, "உங்க தூண் நல்லா இருந்துச்சுங்க. சாஞ்சுக்க வசதியா," என்றாள்.

சரி, தலைப்பில் சொன்ன பலகைக்கு வருகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் வையாப்பு ஆறு ஒரு தோத்தாரா மரத்தைக் கொண்டுவந்து கழிமுகத்தில் போட்டது. எத்தனை காலம் ஆற்றுப்படுகையில் கிடந்ததோ, வெளியே கன்னங்கரேல் என்று இருந்தது. நானும்தான் பார்த்தேன். காலால் உதைத்துவிட்டு, "உளுத்துப்போனது," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஹாமியோரா மண்வாரியைக் கொண்டுபோய் இழுத்துவந்தான். அறுத்தபோது உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. இரண்டரை வருடம் கூரைக்கடியில் அடுக்கி உலர்த்தினான். அப்போது அவன் மகள் ரிரிபெத்திக்கு வக்காத்தானேப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் தகப்பன் வைத்துக் கொடுக்கும் பரிசாக இந்தப் பலகை இருக்கும் என்று சொன்னான். மரம் வெட்டுவதும் செதுக்குவதும் தெரிந்த ஊர் அது. சாதாரணமாக எதையும் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்துவிட முடியாது.

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். பலகை துணிக்கு அடியில் இருந்தது. துணியை எடுத்தேன். அதில் ஒரு கோடு அதிகமில்லை. மரத்தின் ரேகை ஓடிய ஓட்டத்துக்கு நட்சத்திரத்தின் எட்டுக் கையும் இசைந்து போயிருந்தது. பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தேன். விரல் தானாக அடுத்த பள்ளத்துக்குப் போகப் பார்த்தது. துணியை மூடிவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, தம்பியோட பலகையப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றாள் மாக்கெரெ.

"இல்லையே. சூப்புல என்ன இப்படி உப்பு கரிக்குது?"

"இன்னும் நான் உப்பே போடல," என்றாள் அவள்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டாரின் இரண்டு பேருந்தும் வெளி வாசலில் வந்து நின்றுவிட்டன. அவர்களை உள்ளே அழைப்பதற்கு முன் எங்கள் ஆட்கள் எல்லோரும் முகப்பில் கூடியிருந்தோம். ஹாமியோரா பலகையைக் கொண்டுவந்து துணியை எடுத்தான். சுற்றி அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் பலகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஹாமியோராவைத் தெரியும். தப்பித்தவறி ஒரு புகழ்ச்சி வாயிலிருந்து விழுந்துவிட்டால் அவன் அதைக் கொடுத்துவிடுவான், கல்யாணம் கெட்டுப்போகும். பலகையைப் பார்த்துக்கொண்டே ஒருவர், "மழை வராதுன்னு நெனக்கிறேன்," என்றார். இன்னொருவர், "வந்தாலும் சாயங்காலம்தான்," என்று தொண்டையைச் செருமினார். கண்ணெல்லாம் பலகையில்தான் இருந்தது. எங்கள் ஊர்த் தபால்காரம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். எழுபது பேர் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கும்படி ஒரு பொருளை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

ஹாமியோரா என்னிடம் வந்தான். "அண்ணே, நீ பேசி முடிச்சுட்டு இத அவங்க முன்னால வைக்கறப்ப, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடு. உன் வாயால சொன்னா அவங்க மதிப்பாங்க."

அவன் கேட்டது நியாயம்தான். விருந்தாளிகள் முன்னால் வைத்தபிறகு பலகை அவர்களுடையதாகிவிடும். அதற்குமேல் யார் எவ்வளவு புகழ்ந்தாலும் நஷ்டமில்லை. நாற்பது வருடமாக எதிர்பார்த்த வார்த்தையைக் கடைசியில் ஒரு நல்ல சாக்கு வைத்துக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். நான் முற்றத்தின் நடுவில் நின்று, என் குரலில், அந்த ஊர்ப் பெரியவர்கள் காதில் விழும்படி, இவன் பெயரைச் சொல்லவேண்டும். அதுமட்டும் என்னால் முடியாது.

"எதுக்கு அப்புறம் சொல்லணும்?" என்றேன். "இப்பவே சொல்றேன். ஹாமியோரா, இந்த மாதிரி ஒரு பலகை இந்தக் கடலோரத்துலயே இல்லடா. ரொம்ப அழகா இருக்கு."

நல்ல சத்தமாகவே சொன்னேன்.

முதலில் அவன் முகம் மலர்ந்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன. அப்புறம்தான் சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்தான். ரிரிபெத்தி கல்யாண உடையோடு தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஹாமியோரா குனிந்து பலகையை என் காலடியில் வைத்தான்.

"எடுத்துக்கோ அண்ணே. உனக்குத்தான்."

மாக்கெரெ என் முழங்கையைப் பிடித்தாள். "அத அப்படியே அவங்க முன்னால வச்சுடுங்க. யாரும் எதுவும் பேசமாட்டாங்க."

"என் பொருள நான் எதுக்கு வைக்கணும்?" என்றேன். அந்த நேரத்தில் என் நாக்கில் யார் உட்கார்ந்திருந்தார்களோ தெரியவில்லை. வைத்தால் யார் செய்தது என்று கேட்பார்கள், நான் சொல்லவேண்டியிருக்கும். அதுமட்டும்தான் மண்டையில் ஓடியது.

ஹாமியோரா தன் வண்டிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் மண்வாரிக்குள் அவன் வைத்திருக்கும் பலகை இருந்தது. முப்பது வருடப் பழசு. விளிம்பெல்லாம் கை எண்ணெய் ஏறிக் கறுத்து, ஒரு பள்ளம் சில்லு பெயர்ந்திருந்தது. மகளின் கல்யாணத்தில் அதைத்தான் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைத்தான். நான் பேசினால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று பெயர். அன்று ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் முகம் சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். அவர்களுடைய பெரியவர் அந்தப் பழைய பலகையை மடியில் வைத்துத் தேய்ந்த விளிம்பை விரலால் தடவினார். "எத்தன பேரு இதுல தோத்திருப்பாங்க?" என்றார். "எண்ணல," என்றான் ஹாமியோரா. "அப்ப நானும் ஒரு கை பாக்கறேன்," என்று உட்கார்ந்தவர் சிங்கி இறால் பரிமாறியபோதும் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பலகை கிடைத்தது. வீட்டுக் கூடத்தில், சன்னலுக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். ஒரு மாதத்திலேயே என் நிலைமை புரிந்துவிட்டது. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. யாராவது அதைப் புகழவேண்டும்; வழக்கப்படி வாங்கிய பொருள், வழக்கப்படிதான் போகவேண்டும். அன்று முகப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது என் கூடத்திலும் அதையேதான் செய்தார்கள். வருவார்கள், பலகைக்கு எதிரில் உட்காருவார்கள், தேநீர் குடிப்பார்கள், திரைச்சீலை புதுசா என்பார்கள். தபால்காரம்மா அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் இறால் ரொம்பக் கம்மி," என்பாள். நானே பேச்சை இழுத்துப் பார்த்தேன். "அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தால், "மணியாச்சு, கெளம்பறேன்," என்று எழுந்துவிடுவார்கள்.

ஆடவும் ஆள் இல்லை. இரண்டு பேர் வேண்டுமே. மாக்கெரெயைக் கூப்பிட்டேன்.

"புடுங்கிட்டு வந்த சாமான்ல எனக்கு ஆடத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுப் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் போனது. கிறிஸ்துமஸுக்கு ரிரிபெத்தி கணவனோடு வந்தாள். எங்கள் வழக்கப்படி என் மூக்கோடு மூக்கை ஒற்றி, "நல்லா இருக்கீங்களா பெரியப்பா?" என்றாள். பலகையை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. தெரிந்தவர் ஒருவரை வேறு யார் வீட்டிலோ பார்த்துவிட்ட மாதிரி பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் பலகையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஹாமியோராவின் பட்டறைக்குப் போனேன்.

அவன் ஏதோ ஒரு கட்டையை இழைத்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே, விரிசல் விட்டுடுச்சா?"

"இல்ல. இத நீ புகழு."

"என்னது?"

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் உனக்குக் குடுத்துடறேன். நீ ரிரிபெத்திகிட்ட குடுத்துடு."

அவன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நான் செஞ்சத நானே புகழறதா? ஊர்ல சிரிக்கமாட்டாங்க?"

"ஊரு ஒன்றர வருஷமாச் சிரிச்சிட்டுத்தான்டா இருக்கு."

"அது உன்னப் பாத்து."

"அப்ப சும்மா திருப்பி வாங்கிக்கோ."

"குடுத்தத எப்படிண்ணே திருப்பி வாங்கறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு நான் எதுக்குச் சொன்னேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"முற்றத்துல படுத்திருந்த நாய்க்குக்கூடத் தெரியும்."

"பின்ன எதுக்குடா உன் மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு?"

அவன் தூரிகையை எடுத்து மேசையில் இருந்த தூளைத் தள்ளினான். "காதுக்கு அதெல்லாம் தெரியுமா? நல்லா இருக்குன்னு நீ சொன்ன மாதிரிதான் அதுக்குக் கேட்டுச்சு."

தூளைத் தள்ளி முடித்துவிட்டு அவனே சொன்னான்: "ஒண்ணு செய்யலாம். நீ இதுல ஏதாச்சும் செதுக்கு. விளிம்புல ஒரு வரி போதும். அது உன் வேல. அதப் பாத்து நான் அசந்துபோய்ப் புகழ்ந்துடறேன். நீ குடுத்துடு."

"அசந்துபோவியா?"

"முயற்சி பண்றேன்."

பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த யோசனை எனக்கு முதலிலேயே தோன்றாமல் போனதே என்று நினைத்தேன். என் கை பட்டால் இது இருவர் செய்த பலகை ஆகிவிடும். பார்க்கிறவன் முதலில் செதுக்கைத்தான் பார்ப்பான். உளிகளைத் தீட்டினேன். பதினேழு உளி. என் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளிம்பில் சுருள் வரிசை ஒன்று போடலாம் என்று சுண்ணக்கட்டியால் வரைந்தேன். வரைந்ததும் வட்டம் சின்னதாகிவிட்டது. அழித்தேன். நட்சத்திரக் கைகளுக்கு இடையில் இலை மாதிரி வரைந்தேன். ரேகைகளின் ஓட்டம் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்றது. அழித்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் அவன் இழைத்திருந்த இழைப்பில் உளியின் நுனியை வைத்தபோது என் கை பின்வாங்கியது. இரண்டாம் நாள் குறை தேடினேன். ஏதாவது ஒரு தவறு இருந்தால் அதன்மேல் ஒரு சுருளை வெட்டி மூடிவிடலாம். செதுக்கு வேலையில் பாதி அதுதான், மலர்க் குழு விரும்பினால் இந்த வரியை எடுத்துவிடலாம். வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். குறை இல்லை. மூன்றாம் நாள் ஓர் உளியை விளிம்பில் வைத்து, சுத்தியலை ஓங்கி, அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மாக்கெரெ எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் மேசைமேல் இருந்த சீவலை ஒதுக்கி இடம் பண்ணினான். "முடிஞ்சுதாண்ணே?" என்று கம்பளியைப் பிரித்தான். விளிம்பைப் பார்த்தான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

எனக்கு மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. "என்னத்தடா பண்ணி வச்சிருக்க நீ? உளி வைக்க எடமே இல்ல இதுல. எங்க வச்சாலும் கெட்டுப்போயிடும். பதினேழு உளிய வச்சுக்கிட்டு மூணு நாளு பைத்தியக்காரன் மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி போட முடியல. இப்படியாடா ஒருத்தன் பலக செய்வான், அடுத்தவன் கையே வைக்க முடியாதபடி?"

திட்டுவதாகத்தான் நினைத்தேன். அவன் கையிலிருந்த தூளை மெதுவாகத் தட்டிவிட்டான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்தபிறகுதான் நான் சொன்னது புகழ்ச்சி என்று எனக்கே தெரிந்தது. பலகை என்னுடையது. இந்தத் தடவை அவன் எனக்கு எதையும் எடுத்துக் கொடுக்கவேண்டியதில்லை.

"அண்ணே," என்றான். "இன்னொரு வாட்டி சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு, முதலிலிருந்து முழுவதையும் மறுபடி சொன்னேன்.